டிசிபி: கடனை ஒன்றாக்கும் சிங்கப்பூர் வங்கித் திட்டம் யாருக்கு உதவும், எங்கே காலை வாரும்

நாலு வங்கியின் கடன்பற்று அட்டை, போதாததற்கு வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கிரெடிட் லைன் கடன் வசதி ஒன்றிரண்டு, எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு காலத்தை ஓட்டுபவர்கள் சிங்கப்பூரில் நிறையப் பேர். அவர்களுக்காக 2017 ஜனவரியில் வங்கிச் சங்கம் கொண்டுவந்ததுதான் டிசிபி எனப்படும் கடன் ஒருங்கிணைப்புத் திட்டம். ஒரு வங்கி மற்ற வங்கிகளின் பாக்கியை எல்லாம் அடைத்துவிடும். அந்த மொத்தத் தொகையைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக உங்களிடம் வசூலிக்கும். திட்டம் நல்லதுதான். ஆனால் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் தவணைத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அதன் பயனில் பெரும்பங்கு வங்கிக்கே போய்விடும்.

கணக்கைப் பார்ப்போம். மாதச் சம்பளம் 4,000 சிங்கப்பூர் வெள்ளி, மொத்த அட்டைக் கடன் 56,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 55 வயதுக்குக் கீழே என்றால் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு 20 விழுக்காடு போய்க் கைக்கு வருவது 3,200. அட்டை வட்டி ஆண்டுக்கு 26 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். 26 என்றே வைத்தாலும் மாத வட்டி மட்டும் 1,213 வெள்ளி. குறைந்தபட்சத் தொகை வழக்கமாகப் பாக்கியில் 3 விழுக்காடு, அதாவது 1,680 வெள்ளி. கையில் வருவதில் பாதிக்கு மேல் கட்டியும் அசலில் குறைவது 467 வெள்ளிதான்.

அதே 56,000 வெள்ளி டிசிபியில் 8 விழுக்காடு உண்மை வட்டிக்கு (மீதமிருக்கும் அசலுக்கு மட்டும் போடும் வட்டி) மாறினால் நிலைமை வேறு. ஐந்து ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 1,135 வெள்ளி, மொத்த வட்டி சுமார் 12,100. எட்டு ஆண்டு என்றால் 792 வெள்ளி, வட்டி 20,000. பத்து ஆண்டு என்றால் 679 வெள்ளி, வட்டி 25,500. எட்டிலிருந்து பத்துக்கு நீட்டினால் தவணையில் குறைவது 112 வெள்ளி, அதற்குக் கூடுதலாகக் கொடுப்பது 5,500 வெள்ளி. பத்து ஆண்டை முதலில் எடுத்து நீட்டும் விற்பனையாளரிடம் ஐந்துக்கும் ஏழுக்கும் தவணை எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். இந்த உதாரணக்காரர் ஏற்கெனவே மாதம் 1,680 கட்டிப் பழகியவர். அவரால் 1,135 கட்ட முடியாது என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

வட்டியிலும் ஒரு கண்கட்டு உண்டு. விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் ஃபிளாட் வட்டி. அசல் மாதாமாதம் குறைந்தாலும் முழு அசலுக்கே கடைசிவரை வட்டி போடும் கணக்கு அது. ஆண்டுக்கு 4.5 விழுக்காடு ஃபிளாட், எட்டு ஆண்டு என்றால் 56,000 வெள்ளிக்கு வட்டி 20,160. மேலே சொன்ன 8 விழுக்காட்டுக் கணக்கும் கிட்டத்தட்ட இதுவேதான். பார்க்க வேண்டியது ஈஐஆர், அதாவது உண்மை வட்டி, என்று பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் எண்ணை. இரண்டு வங்கிகளை ஒப்பிடும்போது கடன் காலம் ஒன்றாக இருக்க வேண்டும், பதிவுக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். போனஸ் வரும்போது ஒரு தொகையைத் தள்ளலாம் என்று திட்டமிடுபவருக்கு வட்டியில் அரை விழுக்காடு குறைவதைவிட இந்த விதி முக்கியம்.

யார் சேரலாம்? சிங்கப்பூர் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும். ஆண்டு வருமானம் 120,000 வெள்ளிக்குக் கீழ் இருக்க வேண்டும், குறைந்தபட்ச வருமான வரம்பும் உண்டு. நிகரச் சொத்து 2 மில்லியன் வெள்ளிக்குக் கீழ். பிணையில்லாக் கடன், அதாவது அட்டை, கிரெடிட் லைன்போல எதையும் அடகு வைக்காமல் வாங்கிய கடன், மாத வருமானத்தைப்போல் 12 மடங்கைத் தாண்டியிருக்க வேண்டும். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது.

இந்தப் 12 மடங்கு விதிதான் திட்டத்தின் பெரிய குறை. 11 மடங்கில் திணறுபவருக்கு இடமில்லை, இன்னும் கொஞ்சம் மூழ்கினால்தான் கயிறு கிடைக்கும். வங்கி எந்த வருமானத்தை எடுத்துக்கொள்கிறது என்பதும் முடிவை மாற்றிவிடும். சம்பளச் சீட்டின்படி 4,000 என்றால் எல்லை 48,000 வெள்ளி. பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் சேர்ந்த வருமான வரி மதிப்பீட்டை வைத்தால் மாதத்துக்கு 4,333, எல்லை 52,000. கடன் 50,000 உள்ளவர் முதல் கணக்கில் உள்ளே, இரண்டாவதில் வெளியே. விண்ணப்பிக்கும் முன்பே இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து 12 மடங்கைத் தாண்டினால் பிணையில்லாக் கடன் வசதி எதிலும் புதிதாகச் செலவு செய்ய முடியாது என்பது 2019 ஜூன் முதல் உள்ள விதி. அதனால் விண்ணப்பிக்க வருபவர்களில் பலருக்கு அட்டைகள் ஏற்கெனவே முடங்கியிருக்கும்.

எல்லாக் கடனும் சேராது. வீட்டுப் புதுப்பிப்புப் பணிக் கடன், கல்விக் கடன், மருத்துவக் கடன், தொழிலுக்கு வாங்கிய கடன், கூட்டுக் கணக்குக் கடன் ஆகியவை வெளியே. உரிமம் பெற்ற கடன்கொடுப்போரிடம் வாங்கியதும் வெளியேதான்.

அடையாள அட்டை நகல், ஒவ்வொருவரின் கடன் விவரத்தையும் தொகுத்து வைக்கும் கிரெடிட் பியூரோவின் அண்மைய அறிக்கை, வருமானச் சான்று, ஒவ்வோர் அட்டைக்கும் கிரெடிட் லைனுக்கும் கடைசி மாத அறிக்கை ஆகியவற்றைக் கேட்பார்கள். பலர் கோட்டைவிடுவது இன்னொரு தாளில். வட்டியில்லாத் தவணையில் வாங்கிய கைப்பேசி, சோபா போன்றவற்றின் இன்னும் பில்லில் ஏறாத தவணைகளுக்கு அந்தந்த வங்கியிடம் உறுதிக் கடிதம் வாங்க வேண்டும். மாத அறிக்கையில் அந்த மாதத் தவணை மட்டும்தான் தெரியும், மீதிப் பத்து மாதத் தொகை தெரியாது. கடிதம் இல்லாமல் போனால் அந்தத் தொகை டிசிபியில் சேராது. அட்டையை மூடும்போது மொத்தமாகக் கட்டு என்று பழைய வங்கி கேட்கும்.

அனுமதி கிடைத்த பிறகு வரும் சில வாரங்களில்தான் சிக்கல்கள் அதிகம். பணம் உங்கள் கைக்கு வராது, புதிய வங்கி பழைய வங்கிகளுக்கு நேராக அனுப்பிவிடும். நீங்கள் கொடுத்த அறிக்கையின் தேதிக்கும் பணம் போய்ச் சேரும் தேதிக்கும் நடுவே வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் கடன் தொகைக்கு மேல் 5 விழுக்காடு கூடுதலாக ஒதுக்குகிறார்கள். 56,000 வெள்ளிக்கு அது 2,800. மிஞ்சினால் அது டிசிபி கடனைக் குறைக்கப் போக வேண்டும். போதாவிட்டால் மீதியை நீங்கள்தான் கட்ட வேண்டும். டிசிபி வந்துவிட்டது என்று நினைத்து அந்த மாதக் குறைந்தபட்சத் தொகையைக் கட்டாமல் விடுபவர்களுக்குத் தாமதக் கட்டணமும் சேர்ந்து இந்த 5 விழுக்காட்டைத் தின்றுவிடும். பழைய வங்கியிடமிருந்து பாக்கி இல்லை என்று எழுத்தில் வரும்வரை குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டே இருங்கள்.

பழைய அட்டைகளில் தானாகக் கழியும் காப்புறுதிச் சந்தா, கைப்பேசிக் கட்டணம், இணையச் சேவை ஆகியவற்றை முன்பே வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோவுக்கு மாற்றிவிட வேண்டும். அட்டை மூடிய பிறகு இவை கட்டப்படாமல் திரும்பி வரும். காப்புறுதி காலாவதியானது மருத்துவமனையில் சேரும்போதுதான் தெரியவரும். துணை அட்டையை வைத்திருக்கும் மனைவிக்கோ கணவருக்கோ முன்கூட்டியே சொல்லிவிடுவது வீட்டு அமைதிக்கு நல்லது.

பழைய வசதிகளை மூடிய பிறகு அன்றாடச் செலவுக்கென்று புதிய வங்கி ஒரு மாத வருமான அளவுக்கு ஓர் அட்டை தரும். அதன் வட்டி டிசிபி வட்டி இல்லை, வழக்கமான அட்டை வட்டி. மாதாமாதம் முழுத்தொகையைக் கட்ட முடியாது என்றால் வரம்பைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். கடன் 8 மடங்குக்கு இறங்கும்வரை வேறு புதிய பிணையில்லாக் கடன் கிடைக்காது. இதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எங்கள் பார்வையில் திட்டத்தின் சிறந்த அம்சமே இதுதான்.

வருமானம் குறைந்து, எட்டு ஆண்டுத் தவணைகூடக் கட்டுபடியாகாதவர்கள் டிசிபியில் நேரத்தை வீணாக்க வேண்டாம். கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அறக்கொடை அமைப்பு வரவு செலவைப் பார்த்து, வட்டியைக் குறைத்துத் தவணை போடச் சொல்லி வங்கிகளிடம் பேசும். எல்லா வங்கியும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் 12 மடங்கைத் தொடாதவர்களுக்கு அங்கே வழி உண்டு.

அதையும் தாண்டி நொடிப்பு மனு நீதிமன்றம் போய்விட்டால் டிஆர்எஸ் எனப்படும் கடன் திருப்பிச் செலுத்தும் திட்டம் இருக்கிறது. கடன் 150,000 வெள்ளிக்கு மேற்படாத, நிலையான வேலையில் இருப்பவர்களை நீதிமன்றம் நொடிப்பு விவகாரங்களைக் கவனிக்கும் அரசு அதிகாரியான அஃபிஷியல் அசைனியிடம் அனுப்பும். அதிகபட்சம் ஐந்து ஆண்டுத் திட்டம். முடித்தால் நொடித்துப்போனவர் என்ற பெயர் இல்லை. தவறினால் அந்த ஆபத்து மீண்டும் வரும். பத்து ஆண்டு டிசிபிக்குப் பழகிய கண்ணுக்கு ஐந்து ஆண்டு டிஆர்எஸ் தவணை கடுமையாகத் தெரியும்.

உரிமம் பெற்ற கடன்கொடுப்போரிடம் பாக்கி வைத்திருப்பவர்கள், டிசிபி தவணையைத் தீர்மானிக்கும் முன்பே அதற்கு ஒரு தொகையை ஒதுக்க வேண்டும். அங்கே வட்டி மாதத்துக்கு 4 விழுக்காடு வரை போகும், தாமதமானால் மாதம் 60 வெள்ளி வரை கட்டணம். வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து வாங்கிய அசலைத் தாண்டக் கூடாது என்பது 2015 அக்டோபர் முதல் சட்டம். அதற்கு மேல் கேட்டால் கட்ட வேண்டியதில்லை, கடன்கொடுப்போருக்கு உரிமம் தரும் பதிவகத்தில் புகார் செய்யலாம்.

டிசிபியில் சேர்ந்து மூன்று மாதம் ஆனதும் இன்னொரு வங்கியின் டிசிபிக்கு மாறலாம். மாறும் முன் கணக்கிட வேண்டியவை மூன்று: இப்போதைய வங்கியின் முன்முடிப்பு அபராதம், புதிய வங்கியின் பதிவுக் கட்டணம், மீதமிருக்கும் ஆண்டுகளுக்கு மட்டுமான வட்டி வித்தியாசம். புதிய வங்கி மறுபடி எட்டு அல்லது பத்து ஆண்டு என்று தொடங்கினால் தவணை குறைந்து மொத்த வட்டி கூடிவிடும். மீதமுள்ள காலத்துக்கே தவணை போடச் சொல்லுங்கள். அப்போதும் குறைகிறது என்றால் மட்டும் மாறுங்கள்.