வாப்பாவின் ஐந்து கேசட்டுகளும் நாகர்கோவில் கடையும்

பழைய கேசட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றித் தரும் நாகர்கோவில் கடையொன்றில், வாப்பா 1986-இல் குவைத்திலிருந்து கொண்டுவந்த ஐந்து கேசட்டுகளைக் கொடுத்திருந்தேன். ஐந்திலும் உள்ளவை லெபனான் பாடகரும் இசையமைப்பாளருமான மார்செல் கலீஃபேயின் பாடல்கள். வாப்பாவுடன் ஒரே கிட்டங்கியில் வேலை பார்த்த பாலஸ்தீனர் ஒருவர் படியெடுத்துக் கொடுத்தவை அவை. ஒரு கேசட்டுக்கு 250 ரூபாய் கூலி.

ஒரு வாரத்தில் பென்டிரைவ் கைக்கு வந்தது. கேட்டதும் மனம் வாடிப்போனது. இரைச்சலை நீக்குகிறோம் என்று மென்பொருளை ஓட்டியதில், ஊத் என்னும் அரபு நரம்பிசைக் கருவியின் கம்பிகளில் மீட்டுகோல் உரசும் ஒலியும், மேடைக்கு முன்னால் இருந்தவர்கள் கூடவே பாடும் குரலும் இரைச்சலோடு சேர்ந்து போய்விட்டிருந்தன. எஞ்சிய குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது.

மறுநாளே கடைக்குப் போய், இந்தப் பாடல்களில் கூட்டத்தின் குரல் ஏன் முக்கியம் என்பதை அங்கிருந்த தம்பியிடம் விளக்கினேன். கலீஃபே 1950-இல் அம்ஷீத் என்னும் கடலோர ஊரில் பிறந்து, பெய்ரூட்டின் தேசிய இசைக் கல்லூரியில் ஊத் பயின்று, அங்கேயே கற்பித்தவர். 1975-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. மறு ஆண்டே, பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் கவிதைகளுக்கு மெட்டமைத்துத் தம் முதல் தொகுப்பை வெளியிட்டார். ஊரிழந்தவர்களின் வாயில் அந்தக் கவிதைகள் பாட்டாகப் புழங்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. தாய் சுட்ட ரொட்டிக்கும் தாய் தரும் காப்பிக்கும் ஏங்கும் பாடலில் வரும் ‘குப்ஸ்’, ‘கஹ்வா’, ‘உம்மீ’ என்ற மூன்று சொற்களும் வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய நம் மாவட்டத்துக்காரர்களுக்கு மொழிபெயர்க்க வேண்டாதவை. வாப்பா அந்த இடம் வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிடுவார்.

தர்வீஷின் இன்னொரு கவிதை, யூசுஃப் நபி தம் தந்தையிடம் முறையிடுவதாக அமைந்தது. அதில் திருக்குர்ஆன் வசனம் ஒன்று வருவதால், அதைப் பாடியது மத அவமதிப்பு என்று கலீஃபே மீது பெய்ரூட்டில் வழக்குத் தொடரப்பட்டு, 1999 டிசம்பரில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. தக்கலையில் சூஃபி ஞானி பீர் முஹம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சிப் பாடல்களை இரவு முழுக்கப் பாடக் கேட்டு வளர்ந்த எனக்கு, இறைவனின் சொல் ஒரு துயரப் பாடலுக்குள் வருவதில் அவமதிப்பு எதுவும் தோன்றவில்லை. மரியாதைதான் தோன்றுகிறது.

தம்பி பொறுமையாகக் கேட்டார்; கூடுதல் கூலி வாங்காமல் முதலிலிருந்து வேலையைத் தொடங்கினார். முதல் நான்கு கேசட்டுகள் ஒவ்வொன்றுக்கும், நாடாவைப் படிக்கும் பிளேயர் ஹெட்டைத் துடைத்து, அதன் சாய்வைத் திருகி ஒலி தெளிவாகும் இடத்தில் நிறுத்தி, எந்த வடிகட்டலும் இல்லாமல் முழு நேரமும் ஓடவிட்டுப் பதிந்தார். எம்பி3 கோப்போடு, சுருக்கப்படாத வேவ் கோப்பும் தந்தார். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 635 எம்பி ஆகிறது. இப்போது நாடாவின் சீற்றொலி கேட்கத்தான் செய்கிறது, ஆனால் மீட்டுகோல் கம்பியைத் தொடும் கணமும், கூட்டம் அடுத்த அடியைப் பாடகருக்கு முன்பே எடுத்துக்கொள்வதும் அப்படியே இருக்கின்றன. ஆகவே இந்தக் கடைக்குப் போகிறவர்கள் ‘கிளீன் செய்ய வேண்டாம், உள்ளபடியே பதியுங்கள்’ என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

கோப்புகளுக்குப் பெயரிடுவதில் கடையால் உதவ முடியவில்லை. உறைமேல் அரபியில் எழுதியிருந்ததைப் பள்ளிவாசல் உஸ்தாத் வாசித்துத் தந்தார். ஐந்தாவது கேசட்டில் ஈரக்காற்றால் பூஞ்சை பிடித்திருக்கிறது. நாடாவை வேறு கேசட் கூட்டுக்கு மாற்றித் துடைக்க இரண்டு வாரம் கேட்டிருக்கிறார்கள், ‘உம்மீ’ பாடல் அதில்தான் இருக்கிறது என்று சொல்லி விட்டுவந்திருக்கிறேன்.