கண்ணில் சொட்டு மருந்து, கையில் நான்கு இலக்க எண்

ஆறு ஆண்டுகள் கழித்து ஊருக்கு வந்து தங்கிய மூன்று வாரங்களில் எத்தனையோ வேலைகள் சிக்கலின்றி முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. அம்மாவுடன் கண் மருத்துவமனை வாசலில் கழிந்த இருபது நிமிடங்கள்தான் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை.

போகும்போது, "நீ கிளம்பிய பிறகு நான்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று அம்மாவே செயலியில் வண்டியைப் பதிவு செய்தார். வயதானவர்களின் உலர்ந்த விரல் நுனியைத் தொடுதிரை பல நேரம் உணர்வதில்லை. இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, ஈரத் துணியில் விரலை ஒற்றி மூன்றாம் முறை அழுத்தினார்.

திரும்பும்போதுதான் வினை. விழித்திரையைப் பார்ப்பதற்காகக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். அதன் பிறகு சில மணி நேரம் வெளிச்சம் கூசும், அருகிலுள்ள எழுத்து மங்கும். நான் மருந்துக்கான வரிசையில் நின்றபோது, மனப்பாடமாக இருந்த பொத்தான்களை அழுத்தி அம்மா வண்டியை வரவழைத்துவிட்டார். உயர்ந்த கட்டடங்களில் செயற்கைக்கோள் சமிக்ஞை பட்டுத் தெறித்தால் இருப்பிடப் புள்ளி விலகிவிடும் அல்லவா, அது கட்டடத்தின் பின்புறம் போய் விழுந்திருந்தது. "வாசலில் நிற்கிறேன்" என்றார் அம்மா. "நானும் வாசலில்தான் நிற்கிறேன், அம்மா" என்றார் ஓட்டுநர். இருவர் சொன்னதும் உண்மை. காத்திருப்பு நேரம் மட்டும் திரையில் நொடி நொடியாகக் குறைந்துகொண்டிருந்தது.

கடைசியில் அந்த நல்ல மனிதர் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தே வந்தார். நான் வெளியே ஓடிவந்தபோது, அம்மா நீட்டிய கைப்பேசியில் வெளிர் சாம்பல் நிறத்தில் இருந்த ஓடிபி என்னும் நான்கு இலக்க எண்ணை அவரே படித்துக்கொண்டிருந்தார். வண்டியின் பதிவெண்ணைச் சரிபார்த்த பிறகே ஓட்டுநரிடம் ஓடிபியைச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அம்மாவால் இரண்டையுமே படிக்க முடியவில்லை. மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்துவதற்கான பன்னாட்டு வழிகாட்டு நெறிகள், எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று 2008ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டன. எண்ணை வாய்விட்டுப் படித்துக் காட்டும் வசதி கைப்பேசியிலேயே இருக்கிறது என்றாலும், அமைப்புகளுக்குள் தேடி அதை இயக்கவும் கண் வேண்டுமே!

நான் வசிக்கும் நாட்டில், சொட்டு மருந்து விட்ட மருத்துவமனையின் வரவேற்பாளரே வண்டிக்குத் தொலைபேசியில் சொல்லி, எந்த வாயில் என்பதையும் தெரிவித்துவிடுவார். ஆனால் அந்த வண்டி வர ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகும், ஓட்டுநர் இறங்கித் தேடி வரமாட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் வாசலில் நின்று கை காட்டினால் போதும். எந்த வாசல் என்ற கேள்வியே எழாது.

பதிவெண்ணை நான் ஒருவழியாகச் சரிபார்த்து முடித்தபோது, அம்மா முன்பே உள்ளே அமர்ந்து இருக்கைப் பட்டையைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.