ஃபண்டு உள்ள தோட்டக் கம்பெனியா, இல்லாத கம்பெனியா: எதன் லாபக் கணக்கை நம்புவது?

தேயிலைக் கம்பெனிப் பங்கு வாங்க நினைப்பவர்கள் குன்னூரிலும் கோத்தகிரியிலும் முதலில் கேட்பது, ‘மியூச்சுவல் ஃபண்டு ஏதாவது வைத்திருக்கிறதா?’ வைத்திருந்தால் கணக்கு சுத்தம், இல்லாவிட்டால் சந்தேகம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இது பாதிதான் சரி. ஃபண்டு உள்ளே வந்தால் ஏட்டில் நடக்கும் சரிக்கட்டு, அதாவது லாபத்தைக் கூட்டிக்காட்டக் கணக்கை வளைப்பது, குறையும். லாபம் காட்டியாக வேண்டிய நெருக்கடி மட்டும் குறையாது. அது ஏட்டைவிட்டு இறங்கித் தோட்டத்துக்குள் போய்விடும்.

ஏட்டில் எப்படி

நிர்வாகத்துக்குத் தெரிந்தது பங்குதாரருக்குத் தெரியாது. இந்தத் தகவல் இடைவெளி எவ்வளவு அகலமோ, சரிக்கட்ட அவ்வளவு இடம். தேயிலையில் அந்த இடம் பெரும்பாலும் சரக்கிருப்பில் கிடைக்கிறது. இந்தியக் கணக்கியல் தரமான இந்த் ஏஎஸ் 41-இன்படி, பறித்த பச்சை இலையைப் பறித்த நேரத்து நியாய மதிப்பில், விற்கும் செலவைக் கழித்து ஏற்ற வேண்டும். சொந்தத் தோட்டத்து இலையை யாரும் விலைபேசி வாங்குவதில்லை. பக்கத்தில் வெளி இலை வாங்கும் ஃபேக்டரிகள் தரும் விலையை வைத்து மதிப்பிடுவார்கள். இலையின் தரத்துக்கு எவ்வளவு கூட்டுவது என்பது நிர்வாகத்தின் கையில்; அந்த மதிப்பே தூளின் இருப்பு மதிப்பிலும் ஏறும். மார்ச் 31 அன்று 1,00,000 கிலோ தூள் இருப்பில் இருந்து, கிலோவுக்கு 10 ரூபாய் கூட்டி மதிப்பிட்டால் வரிக்கு முந்தைய லாபம் 10 லட்சம் ஏறும். ஒரு மூட்டைகூட விற்றிருக்க வேண்டியதில்லை.

இன்னொரு வழி இளஞ்செடிப் பகுதி. தேயிலைச் செடி இந்த் ஏஎஸ் 16-இன்கீழ் நிலைச்சொத்து. காய்ப்புக்கு, அதாவது பறிப்புக்கு வரும்வரை அதன் பராமரிப்புச் செலவைச் சொத்தில் ஏற்றலாம். முதிர்ந்த செடிக்குக் களையெடுத்த கூலியையும் அதே கணக்கில் நுழைத்துவிட்டால் செலவு குறைந்து லாபம் கூடும். நட்ட பரப்பு கூடாமல், ‘முடிவடையாத மூலதனப் பணி’ என்ற சொத்துக் கணக்கு மட்டும் வருடாவருடம் வீங்கினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஃபண்டு இல்லாத கம்பெனி

சிறிய தோட்டக் கம்பெனிகளில் பெரும்பாலும் ஃபண்டு பெயரே இருக்காது. நாளுக்குச் சில நூறு பங்கு கைமாறும் இடத்தில் ஃபண்டு நுழைந்தால் வெளியேற முடியாது, அதனால் ஒதுங்கிவிடுகிறது. அதைக் கணக்குக்கு எதிரான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் காவல் குறைவு என்பது உண்மை. செலுத்திய மூலதனம் 10 கோடிக்குள்ளும் நிகர மதிப்பு 25 கோடிக்குள்ளும் இருந்தால் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் பட்டியல் விதிகளில் நிர்வாக ஆளுகை தொடர்பான பலவற்றிலிருந்து விலக்கு உண்டு. கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் புரொமோட்டர் 75 சதவீதம் வரை வைத்திருக்கலாம்; எதிர்த்து ஓட்டுப்போடப் பெரிய கை எதுவும் இல்லை. அதே நேரத்தில் காலாண்டு லாபத்துக்காக அவரை நச்சரிப்பவரும் இல்லை. ஒரு வருடம் நஷ்டம் காட்டிவிட்டுக் கவாத்தை, அதாவது செடியை வெட்டிக் குட்டையாக்கும் வேலையை, ஒழுங்காக முடிக்க அவரால் முடியும்.

இந்த வகையில் பார்க்க வேண்டியது, விற்பனை எந்த வழியில் போகிறது என்பது. குன்னூர் ஏலத்தில் போனால் விலை வெளியே தெரியும், பணமும் கெடு நாளில் வந்துவிடும். பொய் விற்பனை எழுதுவது கடினம். குடும்பத்துக்கே சொந்தமான பாக்கெட் டீ கம்பெனிக்கு நேரடியாகப் போனால் விலையும் கெடுவும் வீட்டுக்குள் முடிவாகும். ஆண்டறிக்கையில் தொடர்புடையோர் பரிவர்த்தனைக் குறிப்பையும் வரவேண்டிய கடன்தொகையையும் சேர்த்துப் படியுங்கள்.

தங்கும் ஃபண்டு, வந்துபோகும் ஃபண்டு

ஃபண்டு என்று ஒரே கூடையில் போடுவதுதான் பெரிய தவறு. அமெரிக்கக் கம்பெனிகளை வைத்து பிரையன் புஷீ 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பிரித்துக் காட்டியது. லாபம் சரியும் வருடத்தில் அதை நிமிர்த்த ஆராய்ச்சிச் செலவை வெட்டும் பழக்கம், நிறுவன முதலீட்டாளர் அதிகமுள்ள கம்பெனிகளில் பொதுவாகக் குறைவு. ஆனால் வாங்கி விற்றுக்கொண்டே இருக்கும் வகையினர் மிகுதியாக இருக்கும் இடத்தில் வெட்டு அதிகம். தேயிலையில் ஆராய்ச்சிச் செலவின் இடத்தில் இருப்பவை கவாத்து, உரம், செத்த செடிக்குப் பதில் நடுவது ஆகியவை. வெட்டினால் இந்த வருட லாபம் ஏறும். அடி பிறகு விழும்.

தங்கும் ஃபண்டுக்குக் கேள்வி கேட்க நேரமும் காரணமும் உண்டு. ஒரு ஃபண்டு நிறுவனம் தன் எல்லாத் திட்டங்களையும் சேர்த்து ஒரு கம்பெனியின் ஓட்டுரிமைப் பங்கில் 10 சதவீதத்துக்கு மேல் வைக்க முடியாது. ஆனால் 8, 9 சதவீதத்துடன் வருடக்கணக்கில் இருக்கிற ஃபண்டு மேலாளர் சரக்கு மதிப்பீட்டைப் பற்றிக் கேட்டால் நிர்வாகம் பதில் சொல்லித்தான் ஆகும். 2022 ஏப்ரல் முதல் எல்லாத் தீர்மானங்களிலும் ஃபண்டுகள் ஓட்டுப்போடுவது கட்டாயம். எப்படிப் போட்டார்கள் என்பது அவர்களின் இணையதளத்திலேயே இருக்கும். சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வைத்திருக்கும் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு ஓட்டு மட்டும்தான். பிடிக்கவில்லை என்று விற்றுவிட்டுப் போக முடியாது.

ஓட்டு இருக்கிறது என்பதால் கண்ணும் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2008 டிசம்பரில் ஐடி கம்பெனியான சத்யம், தன் தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தைச் சேர்ந்த மேட்டாஸ் கம்பெனிகளை வாங்கப் புறப்பட்டபோது முதலீட்டாளர்கள் எதிர்த்து ஒரே நாளில் பின்வாங்க வைத்தார்கள். ஆனால் கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லை என்பது, 2009 ஜனவரி 7-இல் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதிய பிறகுதான் வெளியே வந்தது. அது சரிக்கட்டு அல்ல, மோசடி. இருந்தாலும் ஃபண்டின் பார்வை எங்கே நிற்கும் என்பதற்கு அளவுகோல்.

தோட்டத்தில் எப்படி

கவாத்து நீலகிரியில் பொதுவாக 4, 5 வருடத்துக்கு ஒருமுறை. 4 வருடச் சுற்று, 400 ஹெக்டேர் என்றால் வருடம் 100 ஹெக்டேர் வெட்ட வேண்டும். வெட்டிய காட்டில் (தோட்டத்தின் ஒரு பகுதியைத்தான் காடு என்கிறோம்) சில மாதம் இலை கிடையாது, வெட்டுக்கூலி வேறு. தள்ளிப்போட்டால் இரண்டும் மிச்சம். அந்த வருட லாபம் நிஜ லாபம்தான். தணிக்கையாளர் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு செடி உயரும், கொழுந்து சிறுக்கும், முதிர்ந்த இலை கலக்கும், ஏலத்தில் விலை இறங்கும்.

மும்பையில் உட்கார்ந்திருக்கும் ஃபண்டு மேலாளருக்கு இது எக்செல் தாளில் தெரியாது. கோத்தகிரிப் பஸ்ஸில் போகிறவருக்குத் தெரியும். இடுப்பளவில் சமமாக இருக்க வேண்டிய பறிப்பு மட்டம் நெஞ்சுவரை ஏறி, பறிக்கிற பெண்கள் கையை உயர்த்திக் கிளையை வளைத்துப் பறித்தால் அந்தக் காட்டில் கவாத்து தப்பியிருக்கிறது. ‘இரண்டு இலை ஒரு கொழுந்து’ போய் மூன்றாவது நான்காவது இலையும் சாக்கில் விழுந்தால் கிலோ கூடும், நிலையான செலவு அதிகக் கிலோக்களில் பரவி ஒரு கிலோவின் அடக்கவிலை குறையும், காலாண்டு முடிவு அழகாக இருக்கும். மார்ச்சில் நிழல்மரமான சில்வர் ஓக் மொத்தமாக வெட்டுப்பட்டு லாரி ஏறினாலும், மரம் விற்ற பணம் சேரும் இதர வருமானத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரே காட்டைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். கடும் வறட்சிக்குப் பின் வேரில் மாவுச்சத்து குறைந்திருந்தால் கவாத்து செடியையே கொன்றுவிடும். வேரை அயோடினில் சோதித்துத் தள்ளிவைப்பது நல்ல தோட்டக்காரரின் வேலை. இரண்டு வருடம் தொடர்ந்து எந்தக் காடும் வெட்டப்படவில்லை என்றால்தான் சங்கதி.

கணக்கில் பார்க்க

ஐந்து வருட ஆண்டறிக்கை போதும். நிகர லாபத்திலிருந்து செயல்பாட்டு ரொக்கவரவை (தொழிலில் நிஜமாகக் கைக்கு வந்த நிகரப் பணம்) கழித்து, சராசரி மொத்தச் சொத்தால் வகுங்கள். லாபம் 6 கோடி, ரொக்கவரவு 1.5 கோடி, சொத்து 90 கோடி என்றால் 5 சதவீதம். ஒரு வருடம் வந்தால் பரவாயில்லை, விலை ஏறும் என்று சரக்கைப் பிடித்துவைத்திருக்கலாம். மூன்று வருடம் தொடர்ந்தால் லாபம் ஏட்டில்தான் இருக்கிறது. நிலம், முதலீடு விற்ற லாபத்தை முன்பே கழித்துவிடுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை உறைபனியும் வறட்சியும் சேர்ந்து இலை குறையும் காலம். குளிர்காலத்தில், இலையை உருட்டிச் செய்யும் ஆர்த்தடாக்ஸ் தூளுக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதால் லாபம் வரக்கூடாது என்றில்லை. ஆனால் விற்பனை அளவு குறைந்து, சரக்கிருப்பு ஏறி, லாபமும் ஏறினால் சரக்கு மதிப்பீட்டுக் குறிப்பை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

பங்குதாரர் பட்டியல் காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் வெளிவரும். 1 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் பெயர் அதில் இருக்கும். எட்டுக் காலாண்டும் அதே ஃபண்டு என்றால் தங்குகிறது. பெயர் மாறிக்கொண்டே இருந்தால் அது வந்துபோகும் கூட்டம். ஃபண்டு இல்லாதது, தங்குவது, வந்துபோவது என்ற மூன்றிலும் எங்கள் கணக்கில் மோசமான வகை இதுதான். அதைவிட, ஃபண்டே இல்லாமல் ஏலத்தில் விற்று, கவாத்தை முறையாக முடித்து, லாபத்தை ரொக்கமாகக் காட்டும் கம்பெனி மேல்.

ரோட்டிலிருந்து யாரும் பார்க்கக்கூடியதைப் பார்த்துப் பங்கு வாங்குவதில் தவறில்லை. தோட்ட ஆபீசில் வேலை செய்யும் சொந்தக்காரர் முடிவு வெளியாகுமுன் லாபம் எவ்வளவு என்று சொல்லி, அதை வைத்து வாங்கினால் செபியின் 2015-ஆம் ஆண்டு உள்வணிக விதிகளின்கீழ் சொன்னவரும் வாங்கியவரும் மாட்டுவார்கள். கம்பெனியின் உள்ளாட்களுக்குக் காலாண்டு முடிந்த நாளிலிருந்து முடிவு வெளியாகி 48 மணி நேரம் வரை வர்த்தகத் தடையே உண்டு.