புது கேஸ் உலைக்கு ‘ஹை பிரஷர்’ ரெகுலேட்டர் என்று கொடுத்தால் மூடியைத் திருப்பிப் பாருங்கள்

கரியை விட்டு கேஸ் உலைக்கு மாற நினைக்கும் மதுரை, திருப்பாச்சேத்திப் பக்கத்து அருவாள் பட்டறைக்காரர்களுக்காக இந்தப் பதிவு.

மதுரையில் ஒரு கடையில் உலை, பர்னர், ஹோஸ், ரெகுலேட்டர் எல்லாம் ஒரே செட்டாக வாங்கினோம். பில்லில் ‘ஹை பிரஷர் ரெகுலேட்டர்’ என்றே எழுதியிருக்கிறது. டப்பாவில் இருந்ததோ வீட்டு அடுப்புக்குப் போடும் ரெகுலேட்டர். அதோடு அழுத்தம் காட்டும் வட்டமான கேஜ் வைத்த சேஃப்டி டிவைஸ் ஒன்றையும் சேர்த்து, அந்தக் கேஜைக் காட்டியே விற்றுவிட்டார்கள். உலை சூடேறவில்லை என்று கொண்டுபோனால், “ரெகுலேட்டர் சரியாத்தான் இருக்கு, ஜெட் ஓட்டைதான் சின்னது, பெரிசாக்கித் தர்றோம்” என்றார்கள். மாற்றியும் தரவில்லை, பணமும் திரும்பவில்லை.

வீட்டு ரெகுலேட்டர் வெளியே விடும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம், அதாவது அரை பிஎஸ்ஐகூட (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) இல்லை. காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் வென்ச்சுரி பர்னருக்குப் பொதுவாக 5 முதல் 15 பிஎஸ்ஐ வேண்டும். கேஸ் வெளிவரும் சிறு ஓட்டையான ஜெட்டிலிருந்து அது வேகமாகப் பாய்ந்தால்தான் குழாய் காற்றை இழுக்கும். அழுத்தம் இல்லாவிட்டால் தீ மஞ்சளாகச் சோம்பி எரியும், அல்லது பின்வாங்கிக் குழாய்க்குள்ளேயே ‘புஸ்’ஸென்று எரியும். இந்த நிலையில் ஜெட்டைப் பெரிசாக்கினால் கேஸ்தான் கூடும், அதற்கேற்ற காற்று வராமல் தீ இன்னும் மஞ்சளாகும். அந்தக் கடைக்காரர் சொன்ன வைத்தியம் நோயை விட மோசம். ரெகுலேட்டரைப் பிரித்து ஸ்பிரிங்குக்கு மேல் வாஷர் வைத்து அழுத்தம் ஏற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் பொருளைக் கையில் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு அதற்காகச் செய்யப்பட்டதல்ல. கிழிந்தால் மூடியிலுள்ள சிறு ஓட்டை வழியாக, எரியும் உலைக்குப் பக்கத்திலேயே கேஸ் வெளிவரும்.

சேஃப்டி டிவைஸில் இருக்கும் கேஜ் சிலிண்டர் பக்கத்து அழுத்தத்தைத்தான் காட்டும். பர்னருக்கு எவ்வளவு போகிறது என்று அதில் தெரியாது. ஓட்டம் திடீரென்று கூடினால் கேஸை நிறுத்துவதுதான் அதன் வேலை. அதனால் உலை வால்வைத் திறந்ததும் அது பட்டென்று மூடிக்கொள்ளவும் கூடும்.

வாங்கும்போது ரெகுலேட்டர் மூடியில் பொறித்திருப்பதைப் படியுங்கள். ஐஎஸ் 9798 என்று இருந்தால் அது லோ பிரஷர். ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே உள்ள சிஎம்/எல் எண்ணை (உரிம எண்) கடையில் நிற்கும்போதே, முத்திரை தரும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுப் பார்க்கலாம். உலைக்குத் தேவையானது திருகி அழுத்தத்தை மாற்றக்கூடிய, வெளியேறும் பக்கம் கேஜ் உள்ள எல்பிஜி ரெகுலேட்டர்; சதுர சென்டிமீட்டருக்கு 0 முதல் 2 கிலோ வரை போனால் தாராளம். வெல்டிங் சாமான் கடைகளில் எல்பிஜி கட்டிங்குக்கு என்று கேளுங்கள். ஆக்சிஜன் ரெகுலேட்டரை அடாப்டர் போட்டுத் தந்தால் வாங்கவே வேண்டாம். வீட்டு ஆரஞ்சு ஹோஸும் ஆகாது. சும்மா சொருகி கிளாம்ப் போட்ட ஹோஸ் 10 பிஎஸ்ஐயில் கழன்றுவிடலாம். இரு முனையிலும் நட் உள்ள ஹை பிரஷர் எல்பிஜி ஹோஸ் போடுங்கள்.

சரியான ரெகுலேட்டர் வந்த பிறகும் சோதிக்காமல் பற்றவைக்காதீர்கள். கைப்பிடியை இடப்பக்கம் திருகி முழுக்கத் தளர்த்திவிட்டு, அதற்குப் பிறகு சிலிண்டரை மெதுவாகத் திறக்க வேண்டும். பர்னர் வால்வு மூடியிருக்க, வலப்பக்கம் திருகி 10 பிஎஸ்ஐ வைத்து, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கைப்பிடியைத் தொடாமலேயே கேஜ் முள் மெல்ல மேலே ஏறினால், உள்ளே கேஸை அடைக்கும் சீட்டில் தூசியோ வெட்டோ இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏறவில்லை என்றால் சிலிண்டரை மூடிப் பத்து நிமிடம் பாருங்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது.

உலை எரியும்போது முள் கொஞ்சம் இறங்குவது இயல்பு. பாதிக்கும் கீழே போனால் ரெகுலேட்டர் சின்னது, அல்லது அதன் ஃபில்டர் அடைத்திருக்கிறது. முதலில் நன்றாக எரிந்து, பிறகு சிலிண்டரின் கீழ்ப்பகுதி வேர்த்துப் பனி பிடித்துத் தீ குறைந்தால் அது ரெகுலேட்டர் கோளாறு அல்ல. சிலிண்டருக்குள் திரவ கேஸ் ஆவியாகும் வேகத்துக்கு மேல் இழுக்கிறீர்கள். இரண்டு சிலிண்டரை மேனிஃபோல்டில், அதாவது ஒரே பொதுக் குழாயில், இணைக்க வேண்டும். தீயோ வெந்நீரோ காட்டிச் சூடாக்கக் கூடாது. முள் நிலையாக இருந்தும் தீ நொண்டினால் ஜெட்டைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் டெஃப்லான் டேப் துணுக்குதான் அடைத்திருக்கும்.

எல்பிஜி காற்றை விடக் கனமானது. சம்மட்டி அடிப்பவர் நிற்கக் குழி வெட்டிய பட்டறையில் கசிந்த கேஸ் அந்தக் குழியில்தான் தேங்கும். சிலிண்டரைக் குழியிலிருந்து தள்ளி, முடிந்தால் சுவருக்கு வெளியே வையுங்கள். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை உலைக்குப் போடுவது சட்டப்படி குற்றம். 19 கிலோ போன்ற வணிக சிலிண்டர்தான் போட வேண்டும். கசிவு என்றால் அவசர எண் 1906.

ஏற்கெனவே இப்படி வாங்கிவிட்டவர்கள் பில், டப்பா, மூடிப் பொறிப்பின் படம் மூன்றையும் பத்திரப்படுத்தி 1915 நுகர்வோர் எண்ணில் புகார் பதியுங்கள். சொந்தப் பிழைப்புக்காகத் தானே வேலை செய்கிற பட்டறைக்காரரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.