மைக்கான்னு சொல்லி குளோரைட்டும் வெர்மிகுலைட்டும் அனுப்புறாங்க, மினரல் சாம்பிள் வாங்குறவங்க கவனிங்க

ஆன்லைன்ல மினரல் சாம்பிள் வாங்குறவங்க, முக்கியமா பசங்களுக்குப் பாடம் எடுக்க செட் வாங்குற டீச்சருங்க, இதைக் கொஞ்சம் முழுசா படிச்சுடுங்க. மைக்கா, அதாவது ஏடு ஏடா உரியுற காக்காப்பொன் கல்லு, அதுல செட்னு ஒண்ணு ஆர்டர் போட்டேன், மஸ்கோவைட், பயோடைட், ஃபுக்சைட், லெபிடோலைட்னு நாலு மைக்கா வகைங்க பேர்ல லேபிள் எல்லாம் ஒட்டி அழகாதான் வந்துச்சு. அதுல மஸ்கோவைட் மட்டும்தான் சந்தேகமே இல்லாத அசல். ஃபுக்சைட்னு வந்த பச்சைக்கல் குளோரைட், பயோடைட்னு வந்தது வெர்மிகுலைட், ரெண்டுமே மைக்கா மாதிரியே ஏடா இருக்கிற வேற கனிமங்க. லெபிடோலைட் கதையைக் கடைசில சொல்றேன்.

இதைக் கண்டுபிடிக்க பெரிய லேப் எதுவும் வேணாம். ஊசி முனையால ஓரத்துல ஒரு மெல்லிசு ஏடா உரிச்சு லேசா வளைச்சு விடுங்க, அசல் மைக்கான்னா விட்ட உடனே பழையபடி நிமிர்ந்துடும், குளோரைட் நல்லா வளையும் ஆனா வளைஞ்சது வளைஞ்சபடியே நிக்கும். ஏன்னா மைக்காவுல ரெண்டு அடுக்குக்கு நடுவுல பெரும்பாலும் பொட்டாசியம் உக்காந்து மேலயும் கீழயும் இறுக்கிப் புடிச்சிருக்கு, அதனால அடுக்குங்க ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கி நகராது. குளோரைட்ல அந்த இடத்துல பொட்டாசியம் கிடையாது, தனியா ஒரு ஹைட்ராக்சைடு அடுக்கு இருக்கு. டால்க்ல நடுவுல எதுவுமே இல்ல, அதான் தொட்டாலே சோப்பு மாதிரி வழவழன்னு இருக்கும்.

அந்தப் பச்சைக்கல்லை இப்படி வளைச்சுப் பார்த்ததை வீடியோ எடுத்து விக்கிறவருக்கு அனுப்பினேன். அவர் சொன்ன பதில்தான் எனக்கு ரொம்ப கோவம் வந்த இடம். கடினத்தன்மை ரெண்டுலேந்து ரெண்டரை, ஏடு ஏடா உரியுது, பளபளன்னு இருக்கு, எல்லாம் மைக்கா ஃபேமிலிதாங்கன்னு முடிச்சுட்டார். அவர் சொன்ன மூணுமே குளோரைட்டுக்கும் அப்படியே பொருந்தும், அதை வச்சு ரெண்டையும் பிரிக்கவே முடியாது! ஃபுக்சைட்ங்கறது குரோமியம் கலந்த மஸ்கோவைட், அப்போ அதோட ஏடும் மஸ்கோவைட் மாதிரியே நிமிரணும்ல. பச்சை நிறத்தை மட்டும் பார்த்து பேர் வைக்கக்கூடாது. ரீஃபண்ட் கேட்டேன், இயற்கைப் பொருள், வேரியேஷன் இருக்கும்னு சொல்லிட்டு பிளாக் பண்ணிட்டார். அதே போட்டோவோட அந்த செட் இன்னும் விற்பனையில இருக்கு.

வெர்மிகுலைட் விஷயம் இதைவிட முக்கியம். பயோடைட், ஃப்ளோகோபைட் மாதிரி மைக்கா எல்லாம் காலப்போக்குல சிதைஞ்சு பொட்டாசியம் வெளியேறி தண்ணியும் மெக்னீசியமும் உள்ள போனா அது வெர்மிகுலைட், தங்கப் பழுப்பா பார்க்க அச்சு அசல் பயோடைட் மாதிரியே இருக்கும். ஒரு சின்னத் துணுக்கை இடுக்கியில புடிச்சு தீயில காட்டினா உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி அடுக்கெல்லாம் விரிஞ்சு பல மடங்கு உப்பி நீளும், அசல் பயோடைட் அப்படி உப்பாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வெளியில வச்சு செய்யுங்க, பொடி மட்டும் பண்ணிடாதீங்க. அமெரிக்காவுல மொன்டானா மாநிலத்து லிபி சுரங்கத்து வெர்மிகுலைட்ல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்து எத்தனையோ பேர் நோயாளி ஆனாங்க, அந்தச் சுரங்கத்தை 1990ல மூடினாங்க. எல்லா வெர்மிகுலைட்டும் அப்படின்னு சொல்லல, ஆனா பசங்க கையில குடுக்கிற பொருளோட பேரே தப்பா இருந்தா எங்கேந்து வந்ததுன்னு யாரு தேடிப் பார்ப்பா?

இன்னொண்ணு, வெயில் மழையில பாதி சிதைஞ்ச பயோடைட்டும் சரியா நிமிராது, அதனால மேல் ஏட்டை விட்டுட்டு உள்ள இருக்கிற புது ஏட்டை உரிச்சுப் பார்த்துட்டு அப்புறம் சண்டை போடுங்க. அதே மாதிரி மார்கரைட்னு லேபிள் போட்டு வந்து, வளைச்சதும் படக்குன்னு உடைஞ்சா அது ஏமாத்து வேலை இல்ல. அதுவும் மைக்கா குரூப்தான், ஆனா நடுவுல கால்சியம் இருக்கிறதால உடையும் வகை. உடையாம வளையுற 'ட்ரூ மைக்கா' வகைன்னா அந்த இடத்துல பாதிக்குக் குறையாம பொட்டாசியம், சோடியம் மாதிரி ஒற்றை மின்சுமை அயனி இருக்கணும், 1998ல சர்வதேச கனிமவியல் சங்கத்தோட வகைப்பாட்டுல வச்ச வரையறை இது.

லெபிடோலைட்னு வந்தது பொடிப்பொடி செதிலா ஒட்டிக்கிட்டிருக்கு, வளைச்சுப் பார்க்க ஏடே கிடைக்கல. ஊதா நிறம் இருந்தா போதும்னு நினைக்காதீங்க, குரோமியம் கலந்த குளோரைட்டும் ஊதாவா வரும். இந்த மாதிரி கல்லுக்கு எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன், அதாவது எக்ஸ்ரே பாய்ச்சி உள்ள இருக்கிற அடுக்குங்களோட இடைவெளியை அளக்கிற சோதனை, அதோட ரிப்போர்ட்தான் வழி. லேப்ல செக் பண்ணினதுன்னு வாயால சொன்னா ஒத்துக்காதீங்க, கிராஃபை அனுப்பச் சொல்லுங்க, அதுல முதல் உச்சி 10 ஆங்ஸ்ட்ராம் (அந்த இடைவெளியைச் சொல்ற ரொம்பச் சின்ன நீள அலகு) கிட்ட இருந்தா மைக்கா, 14 கிட்ட இருந்தா குளோரைட்டோ வெர்மிகுலைட்டோ. எனக்கு அந்த கிராஃப் கடைசி வரைக்கும் வரவே இல்ல.