மாந்தோப்பில் வைக்கோல் மூடாக்கு: மூன்று கோடைக்குப் பிறகு

சேலம் பக்கத்துச் சரளைச் செம்மண்ணில் வைக்கோல் மூடாக்கு, அதாவது மரத்தடி மண்ணை வைக்கோலால் மூடி வைப்பது, முதல் வருஷம் காட்டும் பலன் ஈரம் மட்டும்தான். கரிமச்சத்து ஏறியிருக்கும் என்று ஆறு மாதத்தில் மண் பரிசோதனைக்கு ஓடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இரண்டாம் வருஷம் மழை அடித்தும் மேல்மண் பொருக்குத் தட்டுவதில்லை, வைக்கோலை விலக்கினால் மண்புழு எச்சம் தெரிகிறது. மூன்றாவது கோடையில்தான் மேல் இரண்டு அங்குலம் நிறம் மாறுகிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காய்ந்து மேலே விடும் வெள்ளைப் படிவும் குறைகிறது.

மாமரத்துக்கு எப்போது போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐப்பசி மழை ஈரத்தைப் பிடித்து வைக்கலாம் என்று கார்த்திகையில் போடுவது பெரிய தப்பு. பூ எடுக்குமுன் மரம் இரண்டு மாதமாவது தண்ணீர் இல்லாமல் காய வேண்டும். அந்த நேரத்தில் வேரடி ஈரமாகவே கிடந்தால் பூவுக்குப் பதில் கொழுந்து தள்ளும். பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் தண்ணீர் கட்டி, மறுநாள் பரப்புவதே சரி. சம்பா வைக்கோலும் தை, மாசியில்தான் வரும். காய்ந்த மண்மேல் போட்டால் கோடைத் தூறலை வைக்கோலே குடித்துவிடும், வேருக்கு ஒன்றும் இறங்காது.

கவிகை (கிளை விரிந்த பரப்பு) இரண்டு மீட்டர் ஆரம் உள்ள மரத்துக்கு 10 செ.மீ. உயரத்துக்குப் பரப்ப 30 முதல் 40 கிலோ ஆகும், அதாவது இயந்திரம் கட்டிய ரோல் இரண்டு. ஒரு மாதத்தில் பாதியாக அமுங்கிவிடும். அடிமரத்தைச் சுற்றி ஒரு அடி வெற்றிடம் கட்டாயம். ஒட்டிப் போட்டால் பட்டை அழுகும், கரையான் மண்பூச்சும் மரத்தில் ஏறும். கரையான் வைக்கோலைத் தின்பது பற்றிக் கவலையில்லை, அதுவும் மண்ணுக்குத்தான் போகிறது. மரத்தில் ஏறினால் மண்பூச்சைச் சுரண்டிவிட்டு வேப்பம் புண்ணாக்கு போட வேண்டும்.

மூடாக்கு மண்ணின் தழைச்சத்தை (நைட்ரஜன்) இழுத்துக்கொள்ளும் என்கிற பயம் பாதிதான் உண்மை. மேலே கிடக்கும்வரை அதிகம் இழுக்காது. மக்காத வைக்கோலைக் கொத்தி மண்ணோடு புரட்டினால்தான் இலை வெளுக்கும். கொத்தாமல் விட்டு, மரத்துக்கு ஒரு குடம் சாணிக் கரைசல் தெளித்தால் போதும். வைக்கோலில் உள்ள சாம்பல் சத்து (பொட்டாஷ்) மட்டும் முதல் மழையிலேயே கரைந்து இறங்கும். 35 கிலோ வைக்கோலில் சுமார் அரைக் கிலோ இருக்கும்.

தொல்லைகளும் உண்டு. சொட்டுநீர்க் குழாய் வைக்கோலுக்கு அடியில் போவதால் அடைப்பு கண்ணில் படாது, எலி கடிப்பதும் தெரியாது. மாதம் ஒருமுறை விலக்கிப் பார்க்க வேண்டும். உதிர்ந்த பழம் உள்ளே மறைந்து அழுகினால் பழ ஈ பெருகும். பங்குனி, சித்திரையில் தீயும் பயம்தான், வேலியோரம் பத்து அடிக்கு வைக்கோல் வேண்டாம். சிதறிய நெல் முளைப்பது தொல்லையே இல்லை, கையால் பிடுங்கலாம்.

ஏற்காட்டில் காபிக்கு இதைச் செய்வது வீண் செலவு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றும் வண்டி வாடகைக்குப் பதில், நிழல் மரங்கள் உதிர்க்கும் சருகை வாரி, சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் போட்டுவிடலாம். கீழே சமவெளியிலும் மாட்டுத் தீவன விலைக்கு வைக்கோல் வாங்கினால் கட்டுப்படியாகாது. மழையில் நனைந்து கறுத்து, மாடு முகர்ந்துவிட்டு விலகும் வைக்கோலாகப் பார்த்துக் கேளுங்கள்.