காகிதத்தை மடித்தால் நுண்ணோக்கி: ஃபோல்ட்ஸ்கோப் எப்படி இருக்கிறது?

ஃபோல்ட்ஸ்கோப் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கிய காகித நுண்ணோக்கி இது. வருவது தட்டையான தாள்தான், மடித்துச் சொருகி நாமே செய்துகொள்ள வேண்டும். எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது, பக்கத்து வீட்டுப் பையன் இருபதே நிமிடத்தில் முடித்துவிட்டுச் சிரித்தான். 140 மடங்கு பெரிதாக்கும். வெங்காயத் தோலை வைத்தால் செல்கள் செங்கல் சுவர் மாதிரி அடுக்கடுக்காகத் தெரிகின்றன, மாடித் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு வைத்தேன், அப்பப்பா, ஒரு ஊரே நீந்துகிறது!

ஆச்சரியம் என்னவென்றால், அடிப்படை யோசனை புதுசே இல்லை. 1670களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லீவன்ஹூக் இதே போல ஒற்றைக் குட்டி லென்ஸை வைத்துத்தான் பாக்டீரியாவைப் பார்த்தார், பல்லில் படிந்த அழுக்கைக்கூட விடவில்லை மனிதர்.

குறையா? ஃபோகஸ் பிடிக்கப் பொறுமை வேண்டும். கண்ணை லென்ஸோடு ஒட்டி வைக்க வேண்டும் என்பதால் மூக்குக் கண்ணாடிக்காரர்களுக்குக் கொஞ்சம் அவஸ்தை. அப்புறம் காந்தத்தை வைத்துப் போன் கேமராவில் ஒட்டிக்கொண்டேன், சரியாகிவிட்டது.